ஊரை விட்டு வேலைக்குப் போகுமுன் யார் யாரைப் பார்க்க வேண்டும்? குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

நான் 2009-ல் மஸ்கட்டுக்குப் போய், பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன். இப்போது கருங்கல் பக்கம் இருக்கிறேன். விசா வந்த பிள்ளைகள் பெட்டி எடை, டிக்கெட், பாஸ்போர்ட் பற்றிக் கேட்க வீட்டுக்கு வருவார்கள். எல்லாம் கேட்டு முடித்து எழுந்த பிறகு, வாசலில் நின்றுகொண்டு, "அண்ணே, எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லணுமா?" என்று கேட்பார்கள். வேலைக்குப் போகுமுன் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவதைத்தான் பயணம் சொல்வது என்கிறோம். அந்த வாசல் கேள்விக்கு நான் சொல்லி வந்த பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

எத்தனை நாளைக்கு முன்னால் தொடங்க வேண்டும்?

மூன்று வாரம் இருந்தால் நல்லது. கடைசி மூன்று நாளை உங்கள் வீட்டுக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். அந்த நாட்களில் யார் வீட்டுக்கும் போக வேண்டாம். அம்மை சமைப்பதைச் சாப்பிடுங்கள், அப்பாவோடு ஒரு தடவை தோப்புக்கோ கடைக்கோ நடந்து போய் வாருங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. இரவல் பைக்கில் இரண்டே நாளில் முப்பத்தொரு வீடு ஏறி இறங்கினேன். எந்த வீட்டிலும் செருப்பைக் கழற்றி உட்கார்ந்த நினைவு இல்லை.

விசா கையில் வருமுன்னே சொல்லலாமா? கண் பட்டுவிடும் என்கிறார்களே?

கண் படுவதைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேளுங்கள், அதில் நான் தலையிடவில்லை. நான் பொறுத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் வேறு. ஏஜெண்டு பேச்சை நம்பி ஊரெல்லாம் பயணம் சொல்லிவிட்டு, விசா வராமல், வீட்டு முற்றத்துக்குக்கூட வெட்கப்பட்டு வராமல் இருந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். அதனால் முதலில் அந்த ஏஜெண்டு அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்பா, அம்மை, கட்டினவள், கூடப்பிறந்தவர்களுக்கு முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரிந்திருக்கட்டும். மற்றவர்களிடம் விசாவும் டிக்கெட்டும் கையில் வந்த பிறகு சொன்னால் போதும். சொன்ன பிறகும் பயணம் தள்ளிப்போனால் ஒளிந்துகொள்ளாதீர்கள். பார்த்த வீடுகளுக்கே இன்னொரு தடவை போங்கள். அவர்கள் உங்களுக்காக வருத்தப்படுவார்களே தவிர வேறொன்றும் இல்லை.

யாரை முதலில் பார்க்க வேண்டும்?

வயதானவர்களை. அதிலும் நடமாட முடியாமல் கட்டிலோடு இருப்பவர்களை. நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

அருமனைப் பக்கம் எனக்கு ஒரு பெரியம்மை இருந்தாள். சின்ன வயதில் பள்ளி விடுமுறை என்றால் நான் அவள் வீட்டில்தான் கிடப்பேன். அவள் வீட்டுக்கு நிதானமாகப் போக வேண்டும் என்றுதான் கடைசியில் வைத்தேன். கடைசி நாள் மழை பிடித்துக்கொண்டது, துணிக்கடையில் நேரம் போயிற்று, பிறகு யாரோ வீட்டுக்கு வந்துவிட்டார்கள். போன் பண்ணி, "அடுத்த லீவுக்கு வரும்போது ரெண்டு நாள் நின்னுட்டுப் போறேன் பெரியம்மே" என்று சொன்னேன். அவள், "சரி மக்கா, நீ நல்லாப் போயிட்டு வா" என்றாள். மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளைமீன் கறி வைத்து, இருட்டும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள் என்று அவள் மருமகள் எனக்குச் சொன்னது இரண்டு வருடம் கழித்து. அப்போது பெரியம்மை இல்லை. அவள் இறந்த அன்று விடுப்புக் கேட்டேன், கிடைக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், பிரியமானவர்களைக் கடைசிக்கு வைக்காதீர்கள். பட்டியல் போடும்போது எண்பது தாண்டியவர்களின் பெயரை மேலே எழுதுங்கள். அவர்கள் வீட்டில் ஒரு நேரச் சாப்பாடு சாப்பிடுங்கள். காது கேட்காதவர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள். எந்த ஊர், எந்த நாடு, என்ன வேலை என்று மூன்று தடவை கேட்பார்கள், மூன்று தடவையும் சொல்லுங்கள்.

எந்த நேரத்தில் போனால் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள்?

நம் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு ஊருக்கு ஒரு பதில் உண்டு.

குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இருப்பார்கள். வெட்டி, பால் எடுத்து, உறையவைத்து, ஷீட் அடித்து வீடு சேர மதியம் நெருங்கும். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுப்பார்கள். நான்கு மணிக்குப் பிறகு போங்கள். காலையில் நல்ல மழை என்றால் பெரும்பாலும் வெட்டு இருக்காது. உங்களுக்கு மழையில் நனைந்து போக மனம் இருந்தால் ஆளை முழுநாளும் வீட்டில் பார்க்கலாம்.

தோவாளையில் பூச்சந்தை விடியுமுன்னே கூடிவிடும். பூக்கட்டுகிற, பூ விற்கிற வீடுகளுக்குக் காலையில் போனால் யாருக்கும் நின்று பேச நேரம் இருக்காது.

கடற்கரை ஊர்கள்தான் கணக்குப் போட்டுப் போக வேண்டியவை. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆட்கள் தங்குகடல் தொழிலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். பலருக்குப் படகு நிற்பது கொச்சியில். மாமன் கடலில் இருக்கிறார், நீங்கள் வியாழக்கிழமை கிளம்புகிறீர்கள் என்றால் பார்க்கவே முடியாது. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். குளச்சல், முட்டம், தேங்காய்பட்டணம் எல்லாம் இதில் வரும். கிழக்கே சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம் இருப்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. உங்கள் பயணத் தேதி இந்த மாதங்களை ஒட்டி வந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், வீட்டு ஆண்கள் எல்லாரையும் ஒருசேரப் பார்க்கலாம். மற்ற மாதங்களில் வீட்டுப் பெண்களிடம் படகு எப்போது கரைக்கு வரும் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு நாளைக் குறியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவ வீடுகளுக்கு மதியத்துக்கு மேல் போங்கள். காலையில் எல்லாரும் கோவிலில் இருப்பார்கள்.

ஒரு நாளில் எத்தனை வீடு?

நான்குக்கு மேல் வேண்டாம். வழியைப் பார்த்து வீடுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கிழக்கே நாகர்கோவில், சுசீந்திரம், தோவாளை. ஒரு நாள் தக்கலை, திங்கள்சந்தை, குளச்சல். இன்னொரு நாள் மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம். பைக் இல்லாவிட்டால் வடசேரியிலும் மார்த்தாண்டத்திலும் பேருந்து மாறிப் போய்விடலாம், ஆனால் மார்த்தாண்டத்தில் சாயங்கால நெரிசலுக்கு ஒரு மணி நேரம் சேர்த்து வையுங்கள்.

விளவங்கோட்டுக்காரர்களுக்கு ஒரு நினைவூட்டல். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் நான்கும் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. பெண் கொடுத்ததும் எடுத்ததும் அதற்கு முன்னால் ஒரே திருவிதாங்கூருக்குள். அதனால் களியக்காவிளை தாண்டி பாறசாலையில் பாட்டாவின் தங்கை வீடு என்று ஒன்று பலருக்கும் இருக்கும். கல்யாணத்துக்கு மட்டும் பத்திரிகை போகும், பயணத்துக்கு யாரும் சொல்லமாட்டார்கள். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போகிற வழிதானே என்று கடைசி ராத்திரிக்கு விடாதீர்கள், அன்று நிற்க முடியாது.

வெறுங்கையோடு போகலாமா?

போகலாம். இன்னும் சம்பாதிக்கத் தொடங்காதவன் கையில் பை இல்லை என்று யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மனது கேட்கவில்லை என்றால் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிப் போங்கள். நம் ஊர் மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வயிற்றுக்கு நல்லது என்று காலங்காலமாகக் கொடுத்து வருவதும் அதைத்தான். வெற்றிலை போடுகிற பாட்டாவுக்கு வெற்றிலை.

திரும்பும்போது ஆச்சியோ மாமியோ உங்கள் உள்ளங்கையில் ஐம்பதோ நூறோ மடித்து வைப்பார்கள். வேண்டாம் என்று மல்லுக்கட்டாதீர்கள். விஷுவுக்குக் கைநீட்டம் வாங்கினது மாதிரி வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் அப்படி வந்த ஒரு நூறு ரூபாய் மஸ்கட்டில் பதினோரு வருடமும் பர்சில் இருந்தது.

"என் மகனுக்கு இதைக் கொடுத்துடு" என்று பொதி தருகிறார்கள். வாங்கலாமா?

பயணம் சொல்லப் போகிற வீடுகளில் இது நடக்காமல் இருக்காது. மகனுக்கு முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் வத்தலும் அனுப்பாமல் ஒரு தாயால் இருக்க முடியாது, அது எனக்குப் புரியும். ஆனாலும் சில விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்.

ஒட்டிக் கட்டிய பொதியை வாங்காதீர்கள். உங்கள் முன்னால் திறந்து காட்டி, உங்கள் கையால் மறுபடி கட்டியதை மட்டும் எடுங்கள். மசாலாப் பொடிக்குள் கசகசா இருக்கிறதா என்று கேளுங்கள். நமக்கு அது குருமாவுக்கு அரைக்கிற சாமான். யு.ஏ.இ., சவூதி, கத்தார் நாடுகளில் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும், பிடித்தால் சிறை. வலி மாத்திரை, தூக்க மாத்திரை, சில இருமல் மருந்துகளும் அப்படித்தான். மற்றவருடைய மருந்து எதையும் தொட வேண்டாம். உங்கள் மருந்துக்கு டாக்டர் சீட்டு கூடவே இருக்கட்டும். கொப்பரைத் தேங்காயை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், எண்ணெய் நிறைந்த கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் பொருள் என்ற கணக்கில் வருகிறது. தேங்காய் இல்லாமல் கறி வைக்கத் தெரியாத நம் ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

மறுக்கிறபோது காரணத்தை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். "மாமி, பிடிச்சா எனக்கு வேலை போயிரும், ஜெயில்ல போடுவாவ" என்றால் எந்த மாமியும் அதற்குமேல் நிர்பந்திக்க மாட்டாள்.

விசாவுக்காகக் கடன் வாங்கின வீட்டுக்கு எப்படிப் போவது? முகம் கொடுக்கவே கூச்சமாக இருக்கிறது.

அந்த வீட்டுக்குத்தான் தவறாமல் போக வேண்டும். சித்தியின் வளையலை அடகு வைத்துத்தான் டிக்கெட் எடுத்தீர்கள் என்றால், சித்தி அதைப் பற்றிப் பேச மாட்டாள். நீங்களே எடுத்துப் பேசுங்கள். எந்தக் கடையில் எவ்வளவுக்கு வைத்தது, வட்டி எவ்வளவு, எந்த மாதம் முதல் கட்டுவீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிச் சித்தி கையில் கொடுங்கள். அடகுச் சீட்டு யாரிடம் இருக்கிறது என்பதும் அதில் இருக்கட்டும். முதல் இரண்டு மாதச் சம்பளத்தை நம்பி வாக்குக் கொடுக்காதீர்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கையில் காசு வேண்டும், சில இடங்களில் முதல் சம்பளமே தாமதமாகும். நான்காவது மாதம் என்று சொல்லிவிட்டு மூன்றாவது மாதம் அனுப்புங்கள்.

பாஸ்போர்ட் நகல், ஒப்பந்தம் எல்லாம் யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது?

அம்மையிடம் ஒன்று. அதோடு சொந்தத்தில் பதறாமல் நின்று காரியம் பார்க்கக்கூடிய ஒருவர் இருப்பார், சித்தப்பாவோ மச்சானோ, அவர் கையிலும் ஒன்று. பயணம் சொல்லப் போகும்போதே கொடுத்துவிடுங்கள். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், நிறுவனத்தின் முகவரி, அங்கே இருக்கிற இந்தியத் தூதரகத்தின் எண். பத்தாம் வகுப்பு முடிக்காமல் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில், அதாவது வெளிநாட்டு வேலைக்கு அரசின் அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில், போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாயும் மூன்று வருடத்துக்கு 375 ரூபாயும் வரியும்தான் கட்டணம். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய் வரும். அந்தத் தாள் உங்கள் பெட்டியில் இருந்தால் வீட்டுக்குப் பயன்படாது, ஊரில் இருக்க வேண்டும்.

பேச்சுவார்த்தை இல்லாத வீடு ஒன்று இருக்கிறது. எல்லைத் தகராறு. போகணுமா?

அப்பாவிடம் கேட்டுவிட்டுப் போங்கள். அவரை மீறிப் போனால் நீங்கள் போன பிறகு வீட்டில் சண்டை வரும். அவர் சரி என்றால் முற்றத்தில் நின்று, "பெரியப்பா, வேலைக்குப் போறேன், போயிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். எல்லைக்கல்லைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை.

துக்க வீட்டுக்குப் போகலாமா? பயணத்துக்கு ஆகாது என்கிறார்கள்.

போகலாம், போக வேண்டும். அடியந்திரம், அதாவது இறந்தவருக்கான சடங்கு, முடியவில்லை என்று தயங்குகிறவர்கள் உண்டு. கிளம்புகிற அன்றைக்குப் போகாதீர்கள், நான்கைந்து நாள் முன்னால் போய்விடுங்கள். நீங்கள் திரும்பி வரும்போது அந்தத் துக்கம் பழசாகியிருக்கும், அப்போது போய் என்ன சொல்வீர்கள்?

சின்னப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளை தூங்கும்போது ஓசைப்படாமல் கிளம்பிப் போகிற வழக்கம் நம் ஊரில் நிறைய. அழுகையைப் பார்க்க வேண்டாம் என்று செய்வதுதான். மறுநாள் விழித்ததும் அந்தப் பிள்ளை கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், கிணற்றடியில் எல்லாம் அப்பாவைத் தேடும். அதற்குப் பிறகு பல நாள் தூங்கப் பயப்படும். என் மகள் அப்படித் தேடினாள் என்று என் வீட்டுக்காரி போனில் சொன்னாள். இரண்டாவது தடவை கிளம்பும்போது ஒரு காலண்டரை எடுத்துவைத்து, அப்பா வருகிற மாதத்தில் அவளையே வட்டம் போடச் சொன்னேன். அழத்தான் செய்தாள். ஆனால் தேடவில்லை.

நான் பெண். சவூதிக்கு நர்சாகப் போகிறேன். போகிற வீட்டிலெல்லாம் கல்யாணம் எப்போது, பிள்ளையை யார் பார்ப்பார் என்றே கேட்கிறார்கள்.

கேட்பார்கள். எல்லார் கேள்விக்கும் நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவரில்லை. "அம்மையிடம் பேசியிருக்கேன் சித்தி" என்ற ஒரு வரி போதும். கூட அம்மையையோ அக்காளையோ கூட்டிப் போனால் அந்தப் பேச்சை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். அதைவிட முக்கியமாக, உங்களுக்கு முன்னால் அங்கே வேலை பார்த்துத் திரும்பிய அக்காள் ஒருத்தி உங்கள் சுற்றுவட்டாரத்தில் இருப்பாள். நம் மாவட்டத்தில் நர்சிங் படித்து வெளியே போகாத ஊர் குறைவு. அவள் வீட்டில் ஒரு மதியம் முழுக்க இருந்துவிட்டு வாருங்கள். தங்குமிடம், இரவு ஷிப்ட், வெளியே போக என்ன வசதி என்று அவள் சொல்வது எந்த ஏஜெண்டும் சொல்லாதது.

கூட்டாளிகள் பார்ட்டி கேட்கிறார்கள்.

கடன் வாங்கிப் பார்ட்டி வைக்காதீர்கள். ஒரு சாயங்காலம் சிதறால் மலை ஏறுங்கள், இல்லையென்றால் முட்டத்துப் பாறையில் போய் உட்காருங்கள். டீயும் பழம்பொரியும் போதும். குடித்துவிட்டு ராத்திரியில் பைக் எடுப்பதற்கு ஒருவனையும் விடாதீர்கள்.

நான் பெங்களூருதான் போகிறேன். இதற்குமா இத்தனை வீடு?

இத்தனை வேண்டாம். கட்டிலோடு இருப்பவர்களையும் அப்பா அம்மையின் கூடப்பிறந்தவர்களையும் பாருங்கள். ஒரு ராத்திரி ரயிலில் வந்துவிடலாம் என்றுதான் எல்லாரும் போகிறோம், பிறகு வருடத்துக்கு இரண்டு தடவைதான் வருகிறோம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. கிறிஸ்துமசுக்கும் பொங்கலுக்கும் நாகர்கோவில் பக்கம் வருகிற வண்டிகளில் இடம் உடனே தீர்ந்துபோகும், அந்த நாளை இப்போதே குறித்து வையுங்கள்.

கோயிலுக்கும் கல்லறைக்கும் போவது?

குடும்பச் சாஸ்தாவோ, ஊர்க்கோவிலோ, சாமித்தோப்போ, தக்கலை தர்காவோ, உங்கள் வீட்டார் காட்டுகிற இடத்துக்குப் போங்கள். பாட்டாவின் கல்லறையில் புல் மண்டியிருந்தால் பிடுங்கிவிட்டு வாருங்கள்.

விமான நிலையத்துக்கு யார் யாரைக் கூட்டிப் போவது?

ஒரு வண்டியில் அடங்குகிறவர்களை மட்டும். முன்பு வேன் நிறைய ஆள் வருவார்கள், உள்ளே விடமாட்டார்கள், எல்லாரும் வெளியே நின்று கையாட்டுவார்கள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் எழுபது கிலோமீட்டர் போலத்தான், ஆனால் தக்கலை, மார்த்தாண்டம், நெய்யாற்றின்கரை மூன்றையும் தாண்ட வேண்டும். விமான நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே நிற்கிற மாதிரிக் கிளம்புங்கள். வளைகுடா விமானம் விடியற்காலை என்றால் முந்தின ராத்திரியே வீட்டை விட்டு இறங்க வேண்டியிருக்கும். நடக்க முடியாதவர்களை வண்டியில் ஏற்றாதீர்கள், அவர்களிடம் வீட்டிலேயே நன்றாகப் பேசிவிட்டு இறங்குங்கள்.

உள்ளே போய், பெட்டியைப் போட்டு, இமிகிரேஷன் முடிந்ததும் ஒரு போன் பண்ணுங்கள். உங்களை இறக்கிவிட்ட வண்டி அதுவரை வீடு திரும்பியிருக்காது. பாலராமபுரம் பக்கம் எங்காவது ஒரு கட்டன் சாயாக் கடையில் நிறுத்திவிட்டு, போன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.